கொழும்பு–மாலே விமானத் தூரம் எவ்வளவு? கால்குலேட்டரை எடுங்க, நாமே போட்டுப் பார்க்கலாம்

என் அத்தை மகன் மாலேயில் வேலை பார்க்கிறான். திருச்சியிலிருந்து கொழும்பு போய், அங்கே விமானம் மாறித்தான் போவான், வருவான். போன மாதம் திடீரென்று கூப்பிட்டு, கொழும்புக்கும் மாலேக்கும் எவ்வளவு தூரம் என்று கேட்டான். நாலு இணையதளத்தில் பார்த்திருக்கிறான். ஒன்றில் 778, ஒன்றில் 483, இன்னொன்றில் 420, நாலாவதில் 765. "இதுல எதுடா சரி?" என்றான். நாலும் சரிதான் என்றேன். கிண்டல் செய்கிறேன் என்று நினைத்து போனை வைத்துவிட்டான்.

கிண்டல் இல்லை. 778 கிலோமீட்டர், 483 சாதாரண மைல், 420 கடல் மைல், மூன்றும் ஒரே தூரம். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ., நாம் பொதுவாகச் சொல்லும் மைல் 1.609 கி.மீ. விமானிகளும் விமான வரைபடங்களும் கடல் மைலில் பேசும், விமான நிறுவனங்களின் புள்ளிக் கணக்கெல்லாம் பெரும்பாலும் சாதாரண மைலில் இருக்கும், நமக்கு கிலோமீட்டர்தான் புரியும். ஆபத்து எங்கே வருகிறது என்றால், வெறுமனே "மைல்" என்று போட்டிருக்கும் 420-ஐ எடுத்து 1.609-ஆல் பெருக்கும்போது. 676 கி.மீ. என்று வரும், நூறு கிலோமீட்டர் காற்றில் போய்விடும். அதனால் எந்தத் தளத்தில் பார்த்தாலும் எண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் அலகைப் பாருங்கள்.

765 ஏன் வந்தது? அது ஊருக்கும் ஊருக்கும் உள்ள தூரம். விமானமோ கொழும்பிலிருந்து கிளம்புவதில்லை, முப்பது கிலோமீட்டர் வடக்கே உள்ள கட்டுநாயக்கவிலிருந்து கிளம்புகிறது. மாலேயிலும் அப்படித்தான், வேலானா விமான நிலையம் இருப்பது மாலேயில் இல்லை, பக்கத்துத் தீவான ஹுல்ஹுலேயில். 2018-ல் பாலம் திறக்கும் வரை இறங்கியவர்கள் படகில்தான் மாலேக்குப் போனார்கள். தீவு நாடுகளில் இந்தச் சிக்கல் அடிக்கடி வரும், ஊர்ப்பெயர் ஒன்று, ஓடுபாதை இருக்கும் தீவு வேறொன்று. கொழும்பு என்று தட்டினால் சில தளங்கள் இரத்மலானையைக்கூட எடுத்துக்கொள்ளும், அதுவும் விமான நிலையம்தானே. ஆகவே ஊர்ப்பெயரைத் தட்டாமல் விமான நிலையக் குறியீட்டைத் தட்டுவது நல்லது: கட்டுநாயக்கவுக்கு சி.எம்.பி., வேலானாவுக்கு எம்.எல்.இ.

சரி, தளங்களை விடுங்கள். நாமே போட்டுப் பார்த்துவிட்டால் யாரையும் கேட்க வேண்டாம். பள்ளிக்கூடத்தில் படித்த பிதாகரஸ் போதும், கூட ஒரே ஒரு காஸ் (கால்குலேட்டரில் cos என்று இருக்கும் பொத்தான்).

முதலில் இரண்டு நிலையங்களின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் வேண்டும். கணினியில் கூகுள் மேப்பைத் திறந்து ஓடுபாதையின் நடுவில் வலது சொடுக்கினால் மேலேயே இரண்டு எண்கள் வரும். போனில் அதே இடத்தை அழுத்திப் பிடித்தால் போதும். முதல் எண் அட்சரேகை, இரண்டாவது தீர்க்கரேகை. கட்டுநாயக்க: வடக்கு 7.18, கிழக்கு 79.88. வேலானா: வடக்கு 4.19, கிழக்கு 73.53. இரண்டு தசமம் போதும். ஓடுபாதையே மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீளம், அதில் எந்த முனையிலிருந்து அளப்பது என்றே தெரியாதபோது மீட்டர் சுத்தமாகக் கணக்குப் போட்டு என்ன ஆகப் போகிறது.

வேறு எங்கிருந்தாவது எடுக்கிறீர்கள் என்றால் 7 டிகிரி 10 நிமிடம் 51 விநாடி என்று இருக்கலாம். அதை 7.10 என்று எழுதிவிடாதீர்கள். நிமிடம் அறுபதுக்குக் கணக்கு, நூறுக்கு இல்லை. 51-ஐ 60-ஆல் வகுத்தால் 0.85, அதோடு 10-ஐக் கூட்டினால் 10.85, அதை மறுபடி 60-ஆல் வகுத்தால் 0.18, ஆக 7.18. இதில் தவறினால் எட்டு ஒன்பது கிலோமீட்டர் அங்கே இங்கே போகும்.

இப்போது கணக்கு. அட்சரேகை வித்தியாசம் 7.18 கழித்தல் 4.19, அதாவது 2.99 டிகிரி. தீர்க்கரேகை வித்தியாசம் 79.88 கழித்தல் 73.53, அதாவது 6.35 டிகிரி. இந்த 6.35-ஐ அப்படியே எடுக்கக் கூடாது. வடக்கு தெற்காக ஒரு டிகிரி எங்கே அளந்தாலும் ஏறத்தாழ 60 கடல் மைல்தான், ஆனால் கிழக்கு மேற்காக ஒரு டிகிரி பூமத்திய ரேகையில்தான் 60, துருவத்தை நோக்கிப் போகப் போக தீர்க்கரேகைகள் நெருங்கி வந்து கடைசியில் ஒரே புள்ளியில் சேர்ந்துவிடுகின்றன. எவ்வளவு நெருங்குகிறது என்பதைச் சொல்வதுதான் காஸ். இரண்டு நிலையங்களின் அட்சரேகைக்கும் சராசரி எடுங்கள், 5.69 வரும். காஸ் 5.69 என்பது 0.995. இதை 6.35-ஆல் பெருக்கினால் 6.32.

அப்புறம் பிதாகரஸ். 2.99-இன் வர்க்கம் 8.94, 6.32-இன் வர்க்கம் 39.94, கூட்டினால் 48.88, வர்க்கமூலம் 6.99. இது டிகிரி. அறுபதால் பெருக்கினால் 419.4 கடல் மைல், அதை 1.852-ஆல் பெருக்கினால் 777 கி.மீ. தளம் சொன்னது 778. ஒரு கிலோமீட்டர் வித்தியாசம், அதுவும் நாம் எண்களைத் தோராயமாக எடுத்ததால். டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும் வேலை.

கால்குலேட்டரில் ஒரு குழி இருக்கிறது, நானே விழுந்திருக்கிறேன். போனைப் படுக்கவைத்துத் திருப்பினால் காஸ் பொத்தான் வரும், பக்கத்தில் டெக் (Deg, டிகிரி), ராட் (Rad, ரேடியன்) என்று ஒன்று இருக்கும். அது டிகிரியில் இருக்க வேண்டும். ரேடியன் என்ற வேறு கோண அலகில் இருந்தால் காஸ் 5.69 என்பது 0.83 என்று வந்து, கடைசியில் 673 கி.மீ. என்று முடியும். தப்பு என்று கண்ணுக்கே தெரியாத தப்பு, ஏனென்றால் 673-உம் பார்ப்பதற்கு நம்பும்படிதான் இருக்கிறது. எக்செல், கூகுள் ஷீட் இரண்டுமே ரேடியனில்தான் கேட்கும். டிகிரியை பை-ஆல் பெருக்கி 180-ஆல் வகுத்துக் கொடுங்கள்.

கொழும்பு–மாலேக்கு காஸ் இல்லாமல் போட்டாலும் பெரிய வித்தியாசம் வராது, பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால். ஆனால் அதைப் பார்த்துவிட்டு காஸ் தேவையில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மொரீஷியஸ், ரீயூனியன் இரண்டும் தெற்கே இருபது டிகிரியில் இருக்கின்றன. மொரீஷியஸ் விமான நிலையம் தெற்கு 20.43, கிழக்கு 57.68, ரீயூனியனின் ரோலாண்ட் காரோஸ் தெற்கு 20.89, கிழக்கு 55.51. காஸ் போட்டால் 231 கி.மீ., போடாவிட்டால் 246. இன்னும் மேலே, ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஓர்க்னி தீவுகளில், வெஸ்ட்ரே என்ற தீவிலிருந்து பாப்பா வெஸ்ட்ரே என்ற தீவுக்கு லோகன்ஏர் ஒரு குட்டி விமானம் ஓட்டுகிறது, 1967-லிருந்து. உலகத்திலேயே மிகக் குறுகிய விமான சேவை அதுதான். தூரம் மூன்று கிலோமீட்டர்கூட இல்லை, அட்டவணையில் இரண்டு நிமிடம், காற்று சாதகமாக இருந்த ஒரு நாளில் 53 விநாடியில் போயிருக்கிறது. அங்கே அட்சரேகை 59 டிகிரிக்கு மேல், காஸ் 0.51. அதை மறந்தால் தூரம் இரட்டிப்பாகிவிடும். அந்த விமானத்தில் சீட்பெல்ட்டைப் போட்டுக் கழற்றுவதற்குத்தான் நேரம் இருக்கும் போல.

அடுத்தது வடக்கு தெற்குச் சங்கதி. கூகுள் மேப்பில் தெற்கு என்றால் எண்ணுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி வரும், சின்னதாக, கண்ணில் படாமல். மாலத்தீவுக்குள்ளேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. தெற்குக் கோடியில் அட்டு அட்டோலில் கான் என்று ஒரு தீவு, பிரிட்டிஷ் விமானப் படை 1976 வரை தளம் வைத்திருந்த இடம், இன்று பயணிகள் விமான நிலையம். மாலே பூமத்திய ரேகைக்கு மேலே 4.19, கான் கீழே 0.69. ஒன்று வடக்கு, ஒன்று தெற்கு என்றால் கழிக்கக் கூடாது, கூட்ட வேண்டும்: 4.88. தீர்க்கரேகை வித்தியாசம் வெறும் 0.37. தூரம் 544 கி.மீ. வருகிறது. குறியைக் கவனிக்காமல் கழித்தால் 391, நூற்றைம்பது கிலோமீட்டர் மாயம். இரண்டுமே தெற்கு என்றால் (மொரீஷியஸ்–ரீயூனியன் மாதிரி) வழக்கம்போலக் கழித்துக்கொள்ளலாம்.

கிழக்கு மேற்குக்கும் இதே விதிதான், ஆனால் பசிபிக்கில் ஒரு திருப்பம் உண்டு. ஃபிஜியின் நாடி விமான நிலையம் (எழுதுவது நாடி, ஊர்க்காரர்கள் சொல்வது நாண்டி, தமிழ்க் கோபுரத்தோடு ஒரு பெரிய முருகன் கோயில் இருக்கும் ஊர்) கிழக்கு 177.44-இல் இருக்கிறது. சமோவாவின் ஃபலேயோலோ மேற்கு 172.01. ஒன்று கிழக்கு, ஒன்று மேற்கு, ஆகவே கூட்டினால் 349.45 டிகிரி. அப்படியே விட்டால் 37,000 கி.மீ. வரும், கிட்டத்தட்ட பூமியை ஒரு சுற்று சுற்றிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகிற கதை. வித்தியாசம் 180-ஐத் தாண்டினால் 360-இலிருந்து கழித்துவிடுங்கள், 10.55 வரும். அட்சரேகை நாடி 17.76, ஃபலேயோலோ 13.83, இரண்டும் தெற்கு. மீதியை நீங்களே போட்டுப் பாருங்கள், 1,200-ஐ ஒட்டி வர வேண்டும்.

இந்த பிதாகரஸ் முறை ஆயிரம், இரண்டாயிரம் கி.மீ. வரைக்கும் நன்றாக வேலை செய்யும். அதுக்கு மேலே போனால் பூமி உருண்டை என்பது கணக்கில் தலைகாட்ட ஆரம்பிக்கும். எவ்வளவு மோசமாகப் போகும் என்பதற்கு, உலகத்தின் மிக நீளமான நேரடி விமான சேவையையே எடுத்துக்கொள்ளலாம்: சிங்கப்பூர் சாங்கியிலிருந்து நியூயார்க் ஜே.எஃப்.கே. சிங்கப்பூர் தீவு என்று எல்லோருக்கும் தெரியும், ஜே.எஃப்.கே. இருப்பதும் லாங் ஐலண்ட் என்ற தீவில்தான் என்பது பலருக்கும் தோன்றாது. ஆக, மிகக் குறுகிய சேவையும் மிக நீளமான சேவையும் இரண்டுமே தீவுக்குத் தீவு. நம் முறைப்படி போட்டால் இதற்கு ஏறத்தாழ 19,000 கி.மீ. வரும். உண்மை 15,300 சொச்சம்.

ஏன் இந்த வித்தியாசம்? சாங்கி கிழக்கு 103.99, ஜே.எஃப்.கே. மேற்கு 73.78, இரண்டுக்கும் நடுவே 177.77 டிகிரி. அதாவது உலகத்தின் எதிரெதிர்ப் பக்கங்கள். அப்படி இருக்கும்போது கிழக்கிலோ மேற்கிலோ சுற்றிக்கொண்டு போவதைவிட வட துருவத்துக்கு ஏறி மறுபக்கம் இறங்குவதுதான் குறுக்கு வழி. சாங்கியின் அட்சரேகை 1.36, அங்கிருந்து துருவத்துக்கு 88.64 டிகிரி. துருவத்திலிருந்து ஜே.எஃப்.கே.யின் 40.64-க்கு இறங்க 49.36 டிகிரி. மொத்தம் 138 டிகிரி. அறுபதால், அப்புறம் 1.852-ஆல் பெருக்கினால் 15,335. கால்குலேட்டரே வேண்டாத கணக்கு. வீட்டில் உலக உருண்டை இருந்தால் நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள், நூல் தானாகவே துருவத்துப் பக்கம் ஏறும்.

எல்லா ஜோடியும் இவ்வளவு சௌகரியமாக எதிரெதிரே அமையாது. அப்போது இந்தச் சூத்திரம்:

காஸ் தூரம் = (சைன் அ1 × சைன் அ2) + (காஸ் அ1 × காஸ் அ2 × காஸ் தீ)

அ1, அ2 என்பவை இரண்டு அட்சரேகைகள், தெற்கு என்றால் கழித்தல் குறியோடு. தீ என்பது தீர்க்கரேகை வித்தியாசம். விடைக்குத் தலைகீழ் காஸ் (cos⁻¹ பொத்தான்) போட்டால் டிகிரி வரும், பிறகு வழக்கம்போல 60, 1.852. சிங்கப்பூர்–நியூயார்க்குக்கு இதில் போட்டால் 137.95 டிகிரி, 15,329 கி.மீ. துருவ வழியில் வந்ததற்குச் சில கிலோமீட்டர்தான் குறைவு. ஒன்று மட்டும், பக்கத்துப் பக்கத்துத் தீவுகளுக்கு இந்தச் சூத்திரத்தைப் போடாதீர்கள். காஸ் விடை 0.9999 என்று ஒன்றை ஒட்டி வந்து நிற்கும், கடைசி இலக்கத்தில் சின்னதாக ஒன்று விடுபட்டாலும் விடை குலைந்துவிடும். சின்னத் தூரத்துக்கு பிதாகரஸ், பெரிய தூரத்துக்கு இது.

கணக்கு போடச் சோம்பலாக இருந்தால், கூகுள் மேப்பில் வலது சொடுக்கும்போது தூரத்தை அளக்கும் வசதியும் வரும். அது உருண்டைமேல் உள்ள குறுக்கு வழியைத்தான் அளக்கிறது. ஆனாலும் ஒருமுறை கையால் போட்டுப் பார்ப்பதில் ஒரு லாபம் உண்டு, அதற்குப் பிறகு எந்த எண்ணைப் பார்த்தாலும் இது சரியாக இருக்குமா என்று மனசே சொல்லிவிடும்.

இதெல்லாம் எதற்கு என்று கேட்டால், சில சமயம் பணம் இந்த எண்ணைப் பொறுத்து இருக்கிறது. 2004-ல் வந்த ஐரோப்பிய விதியில், விமானம் ரத்தானால் தரும் இழப்பீடு 1,500 கி.மீ., 3,500 கி.மீ. என்று தூரத்தை வைத்துத்தான் மாறுகிறது, அந்தத் தூரம் இதே உருண்டைக் குறுக்கு வழித் தூரம்தான், விமானம் உண்மையில் பறந்த தூரம் இல்லை. ரீயூனியன் பிரான்ஸின் பகுதி என்பதால் அங்கிருந்து கிளம்பும் விமானங்களுக்கும் அது பொருந்தும்.

விமானம் உண்மையில் பறக்கும் தூரம் எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். கட்டுநாயக்க ஓடுபாதை வடகிழக்கு–தென்மேற்காகப் படுத்திருக்கிறது. மாலே இருப்பது மேற்கு தென்மேற்கில். தென்மேற்குப் பக்கமாக எழும்பினால் மூக்கு ஏறத்தாழ மாலேயைப் பார்த்தே இருக்கும், காற்று மாறி வடகிழக்குப் பக்கமாக எழும்பினால் எதிர்த்திசையில் போய்த் திரும்பி வர வேண்டும். மாலே ஓடுபாதையோ வடக்கு–தெற்கு, கிழக்கிலிருந்து வரும் விமானம் நேராகப் போய் இறங்க வழியில்லை, வடக்கிலோ தெற்கிலோ சுற்றித்தான் ஆக வேண்டும். கடலுக்கு மேலே நீளமாகப் பறக்கும் வழிகளில் இன்னொன்றும் சேரும்: இரண்டு இயந்திர விமானம், ஒன்று நின்றுபோனால் மற்றொன்றை வைத்துக் குறிப்பிட்ட நேரத்துக்குள் ஏதாவது ஒரு விமான நிலையத்தை அடையும்படி வழியை அமைத்துக்கொள்ள வேண்டும். சில நேரம் அரசியலும் சேரும். லண்டன்–டோக்கியோவும் ஒரு வகையில் தீவுக்குத் தீவுதான், உருண்டைமேல் சுமார் 9,600 கி.மீ.; 2022-லிருந்து ரஷ்ய வான்வெளியைத் தவிர்த்து பிரிட்டிஷ், ஜப்பானிய விமானங்கள் அதைவிட நன்றாகவே சுற்றிப் போகின்றன.

கடைசியாக நேரம். ஜெட் விமானத்துக்கு நான் வைத்திருக்கும் குத்துமதிப்பு: கிலோமீட்டரை 800-ஆல் வகுத்து, ஓடுபாதையில் ஊர்வதற்கும் ஏறி இறங்குவதற்கும் சேர்த்து அரை மணி கூட்டு. 778-ஐ 800-ஆல் வகுத்தால் ஒரு மணிக்குக் கொஞ்சம் குறைவு, அரை மணி சேர்த்தால் ஒன்றரை. கொழும்பு–மாலே விமானம் ஏறத்தாழ அவ்வளவுதான் எடுக்கும். காற்று இதைக் கொஞ்சம் நீட்டும், குறைக்கும். ஜூலையில் தரையில் நின்றால் தென்மேற்குக் காற்று முகத்தில் அடிக்கும், மாலே போகிற விமானத்துக்கு எதிர்க்காற்று என்று நினைப்போம். ஆனால் பருவமழைக் காலத்தில் இந்தப் பக்கத்தில் உயரத்தில் வீசுவது கிழக்குக் காற்று, முதுகில் தள்ளிவிடும்.

டிக்கெட்டை மட்டும் பார்த்து நேரத்தைக் கணக்கிடாதீர்கள். இலங்கை நேரத்துக்கு மாலத்தீவு அரை மணி பின்னால். அதனால் போகும்போது டிக்கெட்டில் கிளம்பும் நேரத்துக்கும் இறங்கும் நேரத்துக்கும் ஒரு மணிதான் இருப்பது போலத் தெரியும், வரும்போது இரண்டு மணி போலத் தெரியும். தூரம் அதேதான். போதாக்குறைக்கு மாலத்தீவில் பல ரிசார்ட் தீவுகள் மாலேயைவிட ஒரு மணி நேரம் முன்னால் தங்களுக்கென்று தனிக் கடிகாரம் வைத்திருக்கின்றன, திரும்பும் விமானத்துக்குக் கிளம்பும்போது எந்த நேரத்தைச் சொல்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் சமோவாக்காரர்கள் முன்னால் இதெல்லாம் ஒன்றுமே இல்லை. 2011-ல் டிசம்பர் 30-ஆம் தேதியையே நாட்காட்டியிலிருந்து தூக்கிவிட்டு அவர்கள் தேதிக் கோட்டின் இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள், பக்கத்தில் அமெரிக்க சமோவா அந்தப் பக்கமே நின்றுவிட்டது. ஃபலேயோலோவிலிருந்து அமெரிக்க சமோவாவின் பாகோ பாகோ சுமார் 150 கி.மீ.; இரண்டு ஊரிலும் கடிகாரம் ஒரே மணியைக் காட்டும், தேதி மட்டும் ஒரு நாள் பின்னால். திங்கட்கிழமை காலை ஏறினால் ஞாயிற்றுக்கிழமை காலை இறங்கலாம். இதை அத்தை மகனிடம் சொன்னேன், லீவு முடிந்து வேலைக்குத் திரும்புகிறவர்களுக்கு எந்தத் திசையில் போனால் லாபம் என்று கேட்டான்.